தொண்ணூற்றைந்துக்குக் கீழே

நீடாமங்கலம்
22 ஜனவரி 2024

வானதிக்கு,

இருபத்தாறு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி போதும் என்றுதான் பேனாவை எடுத்தேன். பொங்கலுக்கு முன்னால் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. நீயும் உன் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே முழங்கால் வலியைத் தவிர வேறு புது வியாதி இல்லை.

உன் அப்பாவின் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், உன் ரத்த வகை சேரவில்லை, உன் அம்மாவுக்குச் சர்க்கரை, கூடப்பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஓ பாசிட்டிவ். சர்க்கரை இல்லை, பிரஷரும் இல்லை. இந்த உடம்புக்கு அது அதிசயம் என்று இங்குள்ள டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் தொண்ணூற்றைந்து கிலோவுக்குக் கீழே வந்தால்தான் என்னை அறுப்பார்களாம்.

உடல் பருத்தவர்கள் நாற்பது பேருக்கு நீ சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தபடியே போனில் வழிசொல்லி எடை குறைக்க உதவுகிறாய் என்றும், எனக்கும் அப்படியே செய்வதாகவும் எழுதியிருக்கிறாய். போன் வேண்டாம். நீ பேசும்போது பின்னால் உன் அப்பா இருமும் சத்தம் கேட்கும். எனக்கு அது ஆகாது. கடிதம் எழுது. பதில் வரும்.

என்னைத் தாங்கும் எடைமேடை வீட்டில் இல்லை. இராஜாங்கத்தின் ரைஸ்மில்லில் நெல் மூட்டை நிறுக்கும் மேடையில்தான் ஏறினேன். எடை போடும் சாரங்கபாணி முள்ளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். "நாப்பது கிலோ மூட்டையில மூணுக்கு ரெண்டு கிலோ கம்மி சார்" என்றான். சுமைக்காரர்கள் சிரித்தார்கள். நூற்றுப் பதினெட்டு. சீட்டை இணைத்திருக்கிறேன்.

தருகிறேன். உன் அப்பாவுக்காக என்று நினைக்காதே. நாலு வயதில் என் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவள் நீ. அதற்காக.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
தமிழரசன்

*

தாம்பரம்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வானதி வணக்கத்துடன் எழுதுவது. அம்மா சுகம். அப்பா டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கொஞ்சம் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். இனி அழமாட்டேன், வேலை இருக்கிறது.

நான் யாருக்கும் அட்டவணை அனுப்புவதில்லை. நீங்கள் சாப்பிடுவதை ஒளிக்காமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றுவோம். வேதாரண்யத்தில் மீரா உசேன் என்று ஒரு ஆசிரியர், உங்கள் வயதுதான், ஒரு வருடத்தில் பதினேழு கிலோ குறைத்திருக்கிறார். அவர் முகத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. முதல் வேலை இது: சோற்றை மூன்று கரண்டியோடு நிறுத்துங்கள், மீதித் தட்டைக் காயாலும் மீனாலும் நிரப்புங்கள். காலையில் ஆற்றங்கரையில் முழங்கால் சம்மதிக்கும் தூரம் நடங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எடை கூடினால் மறைக்காதீர்கள். கூடுவது குணக்கேடு இல்லை. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது, அவ்வளவுதான். நாற்பது பேரிடமும் இதைத்தான் சொல்கிறேன். யாரும் யாரையும் பார்த்து இதற்காகச் சிரிக்கக் கூடாது.

அப்பாவின் இதயம் களைத்து வருகிறது. இந்த வருடத்துக்குள் முடித்துவிட்டால் நல்லது என்கிறார் டாக்டர்.

உங்கள் அன்பு மகள்
வானதி

*

நீடாமங்கலம்
24 மார்ச் 2024

அன்புள்ள வானதிக்கு,

நலம். நீங்கள் மூவரும்

ஏதோ எழுத வந்து நிறுத்திவிட்டேன். நீயும் உன் அம்மாவும் நலமா?

நூற்றுப் பத்து புள்ளி ஒன்பது. சாரங்கபாணி இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. "சார், உங்க எடை குறையக் குறைய எனக்கு மேடை மேலயே சந்தேகம் வருது" என்று அவனே ஏறி நின்று பார்த்தான்.

எனக்குச் சமைத்துப் போடும் தங்கம்மாளுக்குத்தான் தாங்கவில்லை. "மூணு கரண்டி சோறு கோழிக்குக்கூடக் காணாதுங்க. ஊர்ல என்ன சொல்லுவாங்க, தங்கம்மா வாத்தியார பட்டினி போட்டுட்டான்னு" என்கிறாள். நோட்டில் ஒளிக்காமல் எழுதுகிறேன். சென்ற வியாழக்கிழமை நாலு வடை. அதையும் எழுதியிருக்கிறேன், பார்.

தஞ்சாவூரில் ரத்தம் கொடுத்தேன். பொருந்துகிறது என்று உங்களுக்குத் தகவல் வந்திருக்கும். உடம்பு எல்லாமே பொருந்துகிறதாம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

காலையில் வெண்ணாற்றங்கரையில், தண்ணீரைப் பிரித்துவிடும் ரெகுலேட்டர் வரை நடக்கிறேன். ஆற்றில் மணல்தான் இருக்கிறது. ஒரத்தநாட்டுப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் பையன்கள் எனக்கு வைத்த பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. அதுவே பெரிய ஆறுதல்.

உன் சித்தப்பா
தமிழரசன்

*

தாம்பரம்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

எல்லோருடைய சார்பிலும் புத்தாண்டு வணக்கம். நாங்கள் நலம் என்று சொல்லக்கூடிய அளவுக்கு நலம்.

நாலு வடையை எழுதினீர்களே, அதுதான் எனக்கு நூற்றுப் பத்தைவிடப் பெரிய சந்தோஷம். மறைக்காதவர்கள்தான் குறைப்பார்கள். அடுத்து, மாலையில் குடிக்கும் இரண்டு டீயில் சர்க்கரையை எடுத்துவிடுவோம்.

சித்தப்பா, இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் என்னதான் நடந்தது? நேற்று அப்பாவிடம் கேட்டேன். "சின்ன வயசுலேந்தே அவனுக்கு ரோஷம் ஜாஸ்தி. அவன்கிட்டயே கேளு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். அப்போதெல்லாம், "அங்க அவனும் இப்படித்தானே சோத்தப் பாத்துக்கிட்டு இருப்பான்" என்று சொல்கிறார்.

உங்கள் அன்பு மகள்
வானதி

*

நீடாமங்கலம்
16 ஜூன் 2024

அன்புள்ள வானதிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. போர்வெல் வைத்திருப்பவன் குறுவை போட்டுவிட்டான். மற்றவன் வானத்தைப் பார்க்கிறான்.

நூற்று மூன்று புள்ளி நாலு. பழைய சட்டைகளைத் தங்கம்மாள் தலையணை உறையாகத் தைத்துவிட்டாள்.

நீ கேட்டதற்கு இரண்டு மாதம் யோசித்துப் பதில் எழுதுகிறேன்.

1998, தை மாதம். எனக்கு இருபத்தெட்டு வயது. மன்னார்குடியில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். அவளும் ஆசிரியை. பத்து நிமிடம் தனியாகப் பேசவிட்டார்கள். நான் எழுதிய கட்டுரை ஒன்றை அவள் படித்திருந்தாள். என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்தபோது என் கால் தரையில் இல்லை.

மத்தியானம் சாப்பாடு. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தோம். அவளே பரிமாற இலையோடு வந்தாள். உன் அப்பா எதிர்வரிசையில் இருந்து சத்தமாகச் சொன்னார்: "என் தம்பிக்கு ஒரு இலை காணாதும்மா. பக்கத்துலயே இன்னொண்ணு போட்டுடு, நீயும் ரெண்டு தடவை நடக்க வேணாம் பாரு."

பந்தியே சிரித்தது. அவளுடைய அப்பா சிரித்தார். சமையல்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் அவளும் சிரித்தாள். கையில் இருந்த இரண்டாவது இலையை என்ன செய்வது என்று தெரியாமல், நிஜமாகவே என் பக்கத்தில் போட்டுவிட்டாள். நான் ஒரு பருக்கை எடுக்கவில்லை. நான்கு நாள் கழித்து, பெண்ணுக்குச் சம்மதம் இல்லை என்று தகவல் வந்தது. அதற்கப்புறம் நான் யாரையும் பார்க்கப் போகவில்லை.

அம்மாவின் கருமாதியில் ஒன்றாக நின்றோம். பேசவில்லை. இத்தனை வருடத்தில் நான் எதிர்பார்த்தது ஒரு வரி. உன் அப்பா கையால் எழுதிய ஒரு வரி. கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை என்பதால் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீ காரணம் கேட்டாய், சொன்னேன்.

சித்தப்பா

*

நீடாமங்கலம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வானதிக்கு,

எட்டு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. அனைவரும் சுகமா? போன கடிதத்தில் எழுதக் கூடாததை எழுதிவிட்டேனோ?

தொண்ணூற்றேழு புள்ளி ஒன்று. இன்னும் இரண்டே கிலோ. ஆடிப் பதினெட்டுக்கு முன்னாலேயே மேட்டூர் திறந்துவிட்டார்கள். வெண்ணாற்றில் தண்ணீர் வந்த அன்று ரெகுலேட்டரைத் தாண்டி அடுத்த ஊர்வரைக்கும் நடந்துபோய்விட்டேன். திரும்பி வந்தபோதுதான் முழங்கால் வலிக்கவே இல்லை என்று தெரிந்தது.

கடைத்தெருவில் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். சென்னைக்கு.

உன் அன்புள்ள சித்தப்பா
தமிழரசன்

*

தாம்பரம்
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மன்னித்துவிடுங்கள். அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கையில் டயாலிசிஸ் ஊசி போடும் நரம்பு அடைத்துவிட்டது. இப்போது கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். அது நெடுநாள் தாங்காது, கிருமி ஏறிவிடும் என்று பயப்படுகிறார்கள். அம்மாவும் நானும் நடமாடுகிறோம்.

மன்னார்குடி விஷயத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் "அதையா இன்னும் வச்சிருக்கான்?" என்றார். பிறகு அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

தொண்ணூற்றேழு! எங்கள் பிரிவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். தொண்ணூற்றைந்தைத் தொட்ட சீட்டை அனுப்புங்கள். அந்த வாரமே உங்களை இங்கே வரவழைத்துப் பரிசோதனைகளைத் தொடங்குவார்கள். ஒரு மாதத்தில் ஆபரேஷன்.

கடிதத்தின் அடியில் அப்பா தன் கையால் ஏதோ எழுத வேண்டுமாம். நான் பார்க்கக் கூடாதாம். எழுதி, அவரே ஒட்டித் தருவார்.

உங்கள் அன்பு மகள்
வானதி

(அடியில், வேறு கையெழுத்தில்)

தம்பி, இப்ப ஒரு இலை போதும்போல இருக்கே.
துரைராசு

*

நீடாமங்கலம்
15 செப்டம்பர் 2024

வானதிக்கு,

கடிதம் கிடைத்தது.

தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. கூடியிருக்கிறது. சீட்டு இத்துடன்.

தமிழரசன்

*

தாம்பரம்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எழுத்தே வேறுமாதிரி இருந்தது.

அரைக் கிலோவுக்காக மனதை விடாதீர்கள். இத்தனை கிலோ குறைந்த பிறகு உடம்பு பிடிவாதம் பிடிக்கும். அது உங்கள் குற்றம் இல்லை. எல்லோருக்கும் நடப்பதுதான். மீரா உசேன் ஐயாவுக்குப் பத்து வாரம் முள் அசையவில்லை. நோட்டை அனுப்புங்கள், இருவரும் சேர்ந்து பார்ப்போம். இரவில் பசித்தால் எழுதுங்கள். கோபம் வந்தாலும் எழுதுங்கள்.

அப்பா தினமும் தபால்காரர் வந்தாரா என்று கேட்கிறார். சீட்டைக் காட்டினேன். "அவன் முயற்சி பண்ணாமயா இருப்பான், அவன ஒண்ணும் சொல்லாத" என்றார்.

நாள் குறைவாக இருக்கிறது என்று எழுதி உங்களை அழுத்தக் கூடாது. என் வேலையில் அது தப்பு. ஆனாலும் எழுதிவிட்டேன்.

வானதி

*

நீடாமங்கலம்
8 அக்டோபர் 2024

வானதிக்கு,

தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு. சீட்டு இத்துடன்.

நோட்டு எழுதுவதை நிறுத்திவிட்டேன். வற்புறுத்தாதே.

த.

*

தாம்பரம்
9 நவம்பர் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு வாரம் போய்விட்டது. அக்டோபர் 26, சனிக்கிழமை காலை அப்பா போய்விட்டார். குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. நான்கே நாள்தான். மில்லுக்குப் போன் செய்து இராஜாங்கம் ஐயாவிடம் சொன்னேன். உங்களிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நீங்கள் வரவில்லை. உடம்பு முடியாமல் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

நேற்று அப்பாவின் கட்டிலை ஒழுங்கு செய்தபோது மெத்தைக்கு அடியில் நான்கு தாள்கள் கிடைத்தன. நான்கும் பாதியில் கிழித்தவை. நான்கிலும் "தம்பி" என்று இருக்கிறது. ஒன்றில் "மன்னார்குடியில நான்" என்பதோடு நிற்கிறது. ஆகஸ்டில் உங்களுக்கு எழுத உட்கார்ந்த அன்று கிழித்தவை. அம்மா அப்போது பக்கத்தில் இருந்தாராம். "எழுத வரலைடி ஞானாம்பா. சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதுறேன், அவனுக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினாராம். என்ன எழுதினார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நீங்கள் விரும்பினால் சொல்லுங்கள்.

சித்தப்பா, எடை குறையாதது உங்கள் தவறு இல்லை. இதை நான் மகளாகச் சொல்லவில்லை, இந்த வேலை செய்பவளாகச் சொல்கிறேன். இருபது கிலோ குறைத்தீர்கள். அதற்குமேல் உடம்பு விடவில்லை. இதை எண்ணி உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். நடப்பதை விடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்
வானதி

*

நீடாமங்கலம்
24 நவம்பர் 2024

அன்புள்ள வானதிக்கு,

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் சாப்பிடுகிறாரா? நீ தூங்குகிறாயா? கேட்க எனக்கு வாயில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அண்ணன் எழுதிய வரி இதுதான்: "தம்பி, இப்ப ஒரு இலை போதும்போல இருக்கே."

அதைப் படித்தபோது மன்னார்குடிப் பந்தி மறுபடியும் சிரித்தது. சாகக் கிடக்கும்போதும் இந்த மனிதருக்குச் சிரிப்புதான் என்று நினைத்தேன். என்னிடம் உறுப்பை வாங்கிக்கொண்டுகூட மன்னிப்பைத் தர மாட்டார் என்று நினைத்தேன். காத்திருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. முதலில் மேடையில் தனியாக ஏறிப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு புள்ளி ஆறு. இறங்கி, மூன்று கிலோ விதைநெல்லைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்ப ஏறினேன்.

சாரங்கபாணி, "பைய இறக்கி வைங்க சார்" என்றான்.

"இருக்கட்டும், எழுது."

"மொதல்ல போட்டதுதான சார் எடை? இது சாக்கோட போட்ட மாதிரில்ல இருக்கு?"

"நான் என்ன நெல்லாய்யா, கழிச்சு எழுத? முள்ளு காட்டுறத எழுது."

எழுதினான். அக்டோபரில் ஆறு கிலோ. அப்போது அவன் சீட்டைக் கையில் தராமல் மேசையில் வைத்தான். அன்று என் நிஜ எடை தொண்ணூற்று மூன்று புள்ளி இரண்டு.

தீபாவளிவரை கெடு வைத்திருந்தேன். அதற்குள் ஒழுங்காக ஒரு வரி வந்தால் அன்றே பையை இறக்கிவிட்டு நிஜச் சீட்டோடு பஸ் ஏறுவது. வராவிட்டாலும் தீபாவளி கழித்து ஏறிவிடுவது. தராமல் இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. காக்க வைக்க மட்டுமே நினைத்தேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தபோது இராஜாங்கம் சைக்கிளைக்கூட நிறுத்தாமல் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

உடம்பு முடியாமல் வராமல் இருக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ஒரு கண்டக்டர் "தாம்பரம் தாம்பரம்" என்று கூவிக்கொண்டிருந்தார். மூன்று பஸ் போயிற்று. "வர்றீங்களா சார், சீட் இருக்கு" என்று அவர் என்னையே பார்த்துக் கேட்டபோது எழுந்து நீடாமங்கலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்ற பயம்தான்.

செப்டம்பரிலேயே சீட்டை அனுப்பியிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிழைத்திருக்க மாட்டார் என்றும் எவராலும் சொல்ல முடியாது. இனி நான் இருக்கும்வரை இந்த இரண்டு வாக்கியமும்தான் எனக்குத் துணை.

மறைக்காதீர்கள் என்று ஒன்றே ஒன்று கேட்டாய். நாலு வடையை எழுதிய கை ஆறு கிலோவை மறைத்தது. உன் தவறு இல்லை, உன் தவறு இல்லை என்று நீ எழுதும்போதெல்லாம் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறகுதான் எடுத்துப் படித்து முடித்தேன். உன் நாற்பது பேரில் ஒருவரிடமாவது இனி அந்த வார்த்தையை முழு மனதோடு உன்னால் சொல்ல முடியுமா? அதையும் சேர்த்துத்தான் கெடுத்திருக்கிறேன்.

சம்பா நடவு முடிந்துவிட்டது. அந்த ஆறு கிலோ விதை விதைக்கப்படாமல் பையிலேயே இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, பழக்கம் விடாமல் மில்லுக்குப் போனேன். தொண்ணூறு புள்ளி எட்டு. சாரங்கபாணி சீட்டு எழுதட்டுமா என்று கேட்டான். யாருக்கு என்று கேட்டேன். தங்கம்மாள் இரண்டு இலை நிறையச் சோறு போட்டாலும் இனி இறங்காது. குறைந்துகொண்டே போகிறது.

கீழே "உன் அன்புள்ள சித்தப்பா" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். "உன் அப்பாவின் தம்பி" என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். வெறும் பெயரை எழுதலாம் என்றால், அண்ணன் நாலு தாளிலும் எழுதி வைத்த பெயர் தமிழரசன் இல்லை.

அவர் கிழித்ததுபோல் நான் இதைக் கிழிக்கப் போவதில்லை. கையெழுத்துப் போடாமல் நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுகிறேன்.